கன்றுக்குட்டிக் கயிறும் நாலு இங்கிலீஷ் சொல்லும்

இங்கிலீஷ் சொற்களைப் பற்றி இந்தத் தடவை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘லூஸ்’ (loose) பற்றித்தான். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பிளஸ் டூ மாணவி, பாளையங்கோட்டை: சார், கயிறு தொய்ஞ்சு கிடந்தா ‘லூஸ்’னு எழுதலாமா, ‘ஸ்லாக்’னுதான் (slack) எழுதணுமா? ரெண்டுக்கும் ‘தளர்ந்த’ன்னே அர்த்தம் போட்டிருக்கு.

தொழுவத்துக்கு வாம்மா. கன்றுக்குட்டி முளைக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கிறது. கயிறு தரையில் வளைந்து கிடக்கிறது. அது ஸ்லாக். பால் கறக்கிற நேரம் தாய்ப்பசுவைப் பார்த்ததும் கன்று எம்பி இழுக்கும். கயிறு விறைத்து நிமிரும், சுண்டினால் அதிரும். அது டாட் (taut). இத்தனைக்கும் கழுத்து முடிச்சில் ஒரு மாற்றமும் இல்லை, டைட்டாகவே இருக்கிறது. அந்த முடிச்சு நெகிழ்ந்தால்தான் லூஸ். அவிழ்த்துக்கொண்டு ஓடி மடியை முட்டுகிற கன்றும் லூஸ்தான்.

ஸ்லாக், டாட் இரண்டும் இழுப்பைச் சொல்பவை. லூஸ், டைட் இரண்டும் பிடிமானத்தைச் சொல்பவை. நம்ம தமிழ் இதை எப்பவோ பிரித்து வைத்திருக்கிறது: கயிறு தொய்யும், முடிச்சு நெகிழும், பல் ஆடும், சட்டை தொளதொளக்கும். நாம்தான் எல்லாத்துக்கும் ‘லூஸ்’ போட்டுப் பழகிவிட்டோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

தறிக்காரர், வீரவநல்லூர்: அண்ணாச்சி, பாவு நூல் தொய்ஞ்சா எதைச் சொல்ல?

ஸ்லாக். பாவு டாட்டாக நிற்கணும். ஆனால் நெய்து முடித்த துணியில் இழை விலகி இருந்தால் லூஸ் வீவ், நெருங்கி இருந்தால் டைட் வீவ். பத்தமடையில் கோரையைச் சன்னமாகக் கிழித்து நெய்கிற பட்டுப்பாயைத் தடவிப் பாருங்கள், டைட் வீவ் என்றால் என்னவென்று விரலுக்கே தெரியும்.

கோயில் கொடை அழைப்பிதழை இங்கிலீஷில் எழுதுபவர்: வில்லுப்பாட்டு வில்லின் நாணுக்கு ‘டாட்’டா, ‘டென்ஸ்’ஸா (tense)?

டாட். வீசுகோல் பட்டதும் மணி கலகலவென்று சிலிர்க்கிறதே, நாண் விறைப்பாக இருந்தால்தான் அது. ‘டென்ஸ்’ பெரும்பாலும் மனசுக்கும் தசைக்கும் வரும். இலக்கணத்தில் படிக்கிற டென்ஸ் வேறு குடும்பம்: அது காலம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, இது இழுத்தல் என்ற சொல்லிலிருந்து.

லாட்ஜ் நடத்துபவர், குற்றாலம்: சாரல் இல்லாத மாசத்துக்கு?

ஸ்லாக் சீசன். அங்கே லூஸ் வராது.

கல்லூரி மாணவர், மேலப்பாளையம்: ‘லெஸ்’ஸுக்கும் ‘லூஸ்’ஸுக்கும் உறவு உண்டா சார்?

ஹோம்லெஸ், கேர்லெஸ் என்று வாலில் ஒட்டுகிற ‘லெஸ்’ உறவுதான். பழைய இங்கிலீஷில் அதற்கு ‘இல்லாத, விடுபட்ட’ என்று பொருள். குறைவு என்று பொருள்படும் ‘லெஸ்’ வேறு சொல்.

ஒரு அக்கா, அம்பாசமுத்திரம்: தம்பியை ‘லூஸு’ன்னு ஏசுறோமே, இங்கிலீஷில் அப்படியே எழுதலாமா?

எழுதிவிடாதீங்க தாயி. அங்கே ஒரு ஆளை லூஸ் என்றால் நடத்தை சரியில்லாதவர் என்று ஆகிவிடும், அதுவும் பெண்களைச் சொன்னால் பெரிய வசை. அவர்கள் தலையில் ஒரு ஸ்க்ரூ லூஸ் என்றுதான் சொல்வார்கள். ஸ்க்ரூவைச் சேர்த்தே எழுதுங்க.