வளவுப் பனையைத் தறிக்க யாரிடம் அனுமதி கேட்பது?

இலங்கையில் இதற்கு அனுமதி தர வேண்டியவர் உங்கள் பிரதேச செயலாளர். வீட்டுக் கூரைப் பக்கம் சாய்ந்த பனைக்காக வனத் திணைக்களத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியதாக எழுதியிருந்தீர்கள். அவர்கள் முதன்மையாகப் பார்ப்பது அரச காடுகளை. உங்கள் மரம் சொந்த வளவில் நிற்பதால்தான் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பலா, ஈரப்பலாவோடு பெண் பனையும் வருகிறது. சொந்தக் காணி என்றாலும் அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது.

ஆகவே முதலில், அந்தப் பனை நுங்கு காய்த்ததா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். காய்த்திருந்தால் பெண் பனை. பாளை மட்டும் விட்டு ஒருநாளும் காய்க்காதது ஆண் பனை. இன்னும் பாளை விடாத இளம் பனையாக, அதாவது வடலியாக இருந்தால் பார்த்துச் சொல்லவே முடியாது. எதுவானாலும் கிராம அலுவலரிடம் காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது. காணி உறுதியின் பிரதியும், மரம் சாய்ந்து நிற்பது தெரியும் படங்களும் கையில் இருக்கட்டும். கூரைக்கு ஆபத்து என்பதை அனுமதி கேட்கும் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

ஒரு விஷயம். தறிக்கும் அனுமதியை வைத்துக்கொண்டு மரத்தை லொறியில் ஏற்றிவிடாதீர்கள். கொண்டுபோவதற்குத் தனி அனுமதி வேண்டுமா என்று அதே செயலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். காணி கடலில் இருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தையும் விசாரியுங்கள்.

மரம் நன்றாகச் சாய்ந்திருந்தால், அனுமதி வரும்வரை அந்தப் பக்க அறையில் பிள்ளைகளைப் படுக்க விடாதீர்கள்.