முளைகட்டிய வெந்தயமும் பச்சை மீனும்

கேள்வி: என் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். இப்போது ஐந்து மாதம். மாப்பிள்ளையோடு வாரம் ஒருமுறை சூஷி கடைக்குப் போய்ப் பச்சை மீன் சாப்பிடுகிறாளாம். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. நான் தினமும் காலையில் முளைகட்டிய வெந்தயமும் பாசிப்பயறும் பச்சையாகச் சாப்பிடுகிறவள். அவளையும் அப்படியே பழக்கியிருக்கிறேன். மீனை விடச் சொல்லி நீங்கள் நாலு வார்த்தை எழுதினால் கேட்பாள்.
- ஒரு வாசகி, திருநகர், மதுரை

பதில்: எழுதுகிறேன் அம்மா. ஐந்து மாதம் என்றால் பச்சை மீன் வேண்டாம், பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது அந்தப் பச்சை முளையைப் பார்த்துத்தான். அதையும் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

2011 மே மாதம் வட ஜெர்மனியில் திடீரென்று பலருக்கு ரத்தபேதி. சிலருக்குச் சிறுநீரகமே செயலிழந்தது. அவர்களில் நிறையப் பேர் நல்ல திடமாக இருந்த பெண்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய்மேல் பழியைப் போட்டார்கள். அந்த ஊர் விவசாயிகள் காய்களைக் குப்பையில் கொட்டினார்கள். கடைசியில் பார்த்தால் காரணம் முளைகட்டிய வெந்தயம்! எகிப்திலிருந்து வந்த விதை, அதோடு சேர்ந்து வந்த கிருமி. சாப்பிட்டவர்களைக் கேட்டால் முளை சாப்பிட்ட ஞாபகமே பலருக்கு இல்லை. சாலட்மேல் ஒரு சிட்டிகை தூவியதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? சமையல்காரர்களிடம் எந்தத் தட்டில் என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டுத்தான் துப்புக் கிடைத்தது. 3,800 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

நான் ஒரு பெண்கள் கல்லூரியில் இருபத்தெட்டு வருஷம் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்தவள். ஒவ்வொரு வருஷமும் மாணவிகளை வீட்டில் முளைகட்டிய பயறைக் கொண்டுவரச் சொல்வேன். அதை அலசிய தண்ணீரில் ஒரு சொட்டை அகார் தட்டில் (கிருமி வளர்த்துப் பார்க்கிற தட்டு) தடவி வைத்தால், மறுநாள் காலையில் தட்டு முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பூத்திருக்கும். பிள்ளைகள் "ஐயோ மிஸ்!" என்று அலறுவார்கள். அத்தனையும் நோய்க்கிருமி இல்லைதான். ஆனால் ஈரத்துணி, இளஞ்சூடு, ஒன்றிரண்டு நாள் என்று முளைக்கு நாம் செய்து கொடுக்கிற வசதியெல்லாம் கிருமிக்கும் சேர்த்துத்தான். விதையின் கீறலுக்குள் பத்து கிருமி ஒளிந்திருந்தால் போதும், முளைவிடுவதற்குள் லட்சக்கணக்கில் பெருகிவிடும். எத்தனை தடவை கழுவினாலும் முழுக்கப் போகாது.

மீன் விஷயம் வேறு. கடல் மீனில் அனிசாகிஸ் என்று ஒரு புழு உண்டு. உயிரோடு உள்ளே போனால் சில மணி நேரத்தில் வயிறு பிய்த்து எடுக்கும். டாக்டர் குழாய் விட்டு இடுக்கியால் புழுவை வெளியே எடுப்பார். வினிகர், சூஷியோடு வைக்கிற வசாபி என்ற காரவிழுது எதற்கும் அது சாகாது. உறையவைத்தால் சாகும். மைனஸ் 20 டிகிரியில் ஐரோப்பாவில் ஒரு நாள், அமெரிக்காவில் ஏழு நாள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆக, புழுவுக்கு ஒரு வழி இருக்கிறது. பாக்டீரியாவுக்கு அந்த வழி பலிக்காது. 2012இல் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன சூரை மீன், எலும்பிலிருந்து சுரண்டி எடுத்து உறையவைத்த சதை, சூஷிக்குள் போய் 425 பேரைப் படுக்க வைத்தது. அது சால்மோனெல்லா என்ற பாக்டீரியா. அவர்களில் பெரும்பாலோரைப் பிடித்த வகைக்குப் பெயரே நம் பரேலி ஊரின் பெயர்தான்.

உங்கள் மகள் இருக்கிற ஊரிலேயே 2015இல் ஒன்று நடந்தது. கஞ்சிக்கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாக வெட்டி, நல்லெண்ணெய் விட்டுக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுப்பார்கள். அதில் இருந்த பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா ரத்தத்திலும் மூளையுறையிலும் போய் உட்கார்ந்தது, திடமான ஆட்களுக்கும்கூட. அந்த வருஷம் டிசம்பரில் நன்னீர் மீனைப் பச்சையாக விற்கவே அரசாங்கம் தடை போட்டுவிட்டது. சூஷிக்குப் போவது பெரும்பாலும் கடல் மீன். அது அந்தத் தடையில் வராது.

பாருங்கள், மீன் என்றால் அரசாங்கம் சட்டம் போடுகிறது, கடைக்காரர் உறையவைக்கிறார், நீங்கள் தூக்கம் கெடுகிறீர்கள். முளைக்கு அப்படி யார் பயப்படுகிறார்கள்? "உடம்புக்கு நல்லது" என்ற ஒரு சொல்லோடு தினமும் வயிற்றுக்குள் போய்விடுகிறது. மீன் வாரத்துக்கு ஒரு நாள், முளை ஏழு நாளும். அதனால்தான் எனக்கு முளைமேல் கவலை அதிகம். கர்ப்பிணிகள் விஷயத்தில் லிஸ்டீரியா என்ற கிருமியும் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும். தாய்க்கு லேசான காய்ச்சலோடு போனாலும் வயிற்றுப் பிள்ளையைப் பறித்துவிடக்கூடும்.

சரி, முளையைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. இட்லிப்பானையில் ஆவி கட்டி நன்றாக வேகவிட்டு, கடுகு, கறிவேப்பிலை தாளித்து, ஒரு பிடி தேங்காய்த் துருவல் போட்டுச் சாப்பிடுங்கள். கடித்தால் முளையின் நடுவில் நறுக்கென்று பச்சை வாசம் வரக்கூடாது, அதுதான் பதம். உங்கள் வயதுக்கும் பச்சை முளை ஆகாது அம்மா. வெள்ளரி, தக்காளி என்றால் ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவி, தோல் சீவுகிறதைச் சீவிவிட்டால் பெரும்பாலும் போதும்.

வீட்டில் யாருக்காவது பேதியோடு ரத்தம் வந்தால், பேதியை நிறுத்துகிற மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். சிறுநீர் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டு, அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். போன வாரம் பச்சையாக என்ன சாப்பிட்டோம் என்பதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், மேலே தூவிய ஒரு சிட்டிகை உட்பட.