பழைய சாஃப்ட்வேர், புதுக் கணினி: கேள்விகளும் பதில்களும்

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அதையொட்டிப் புதுக் கணினி வாங்கியவர்கள் பலர், பழைய சாஃப்ட்வேர் ஓடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடைகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் கணினி பார்த்துக் கொடுக்கும் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன், தெரிந்தவரை சொல்கிறேன். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: பழைய பெட்டியை இப்போதைக்குக் காராங்குனிக்காரரிடம் (வீடு வீடாகப் பழைய சாமான் வாங்க வருபவர்) போட்டுவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது அந்தப் புரோகிராமா, இல்லை அதற்குள் இருக்கும் தகவலா? முதலில் அதை யோசித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேள்வி (சிராங்கூன் ரோடு, மளிகைக் கடை): அண்ணே, அப்பா காலத்தில் எழுதி வாங்கிய, விண்டோஸுக்கு முந்திய டாஸ் என்ற அமைப்பில் ஓடும் பில்லிங் புரோகிராம். புது லேப்டாப்பில் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து தட்டினால் 'இந்த ஆப் உங்கள் கணினியில் இயங்காது' என்று வருகிறது. வைரஸா?

பதில்: வைரஸ் இல்லை தம்பி. டாஸ் புரோகிராம்கள் 16 பிட். (கணினி ஒரே சமயத்தில் கையாளும் தகவலின் அளவுதான் இந்த பிட் கணக்கு: 16 மிகப் பழையது, அடுத்து 32, இப்போது 64.) 64 பிட் விண்டோஸில் 16 பிட் புரோகிராமை ஓட்டும் பகுதியே கிடையாது, விண்டோஸ் 11 வருவதோ 64 பிட்டில் மட்டும்தான். அதனால் எந்த செட்டிங்கை மாற்றினாலும் நேரடியாக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்று ஒரு இலவசப் புரோகிராம் இருக்கிறது, அது விண்டோஸுக்குள் ஒரு பழைய கணினியையே நடித்துக் காட்டும், உங்கள் பில்லிங் அதற்குள் ஓடும். சாதா டாஸ்பாக்ஸில் பிரிண்ட் வராது, டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தினசரி பில்லுக்கு அதை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. நம் சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2007 ஜூலையிலிருந்து 7 விழுக்காடாக இருந்தது, 2023 ஜனவரியில் 8 ஆனது, 2024 ஜனவரியில் 9. பழைய புரோகிராம்கள் சிலவற்றில் இந்த விகிதம் மாற்ற முடியாதபடி உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். எழுதியவர் இப்போது இல்லையென்றால் அதைத் திருத்த ஆள் கிடைப்பது கஷ்டம். புது பில்லுக்குப் புது சாஃப்ட்வேர் வாங்குங்கள், பழையதைப் பழைய கணக்கு பார்க்க மட்டும் டாஸ்பாக்ஸில் வைத்திருங்கள். வரிப் பதிவுகளை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அப்புறம், அந்த ஃபோல்டரில் டிபிஎஃப் என்று முடியும் ஃபைல்கள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரிய அதிர்ஷ்டம். அது டிபேஸ், ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தகவல்தள சாஃப்ட்வேர் காலத்து அட்டவணை, லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள கால்க்கில் நேராகத் திறக்கும். வாடிக்கையாளர் பட்டியல், சரக்குப் பட்டியல், பாக்கி எல்லாமே அங்கிருந்து எக்ஸெலுக்கு எடுத்துவிடலாம்.

கேள்வி (தேக்கா, ஜோதிடர்): ஐயா, 1990களில் வாங்கிய ஜாதகப் புரோகிராம். என் மகன் டாஸ்பாக்ஸ் போட்டுக் கொடுத்தான். திறந்த உடனே 'ரன்டைம் எரர் 200' என்று வந்து மூடிக்கொள்கிறது. இதன் கணிதம் எனக்குப் பழகிவிட்டது, விட மனமில்லை.

பதில்: விட வேண்டாம் ஐயா, இது சரியாகிற கோளாறு. உங்கள் புரோகிராம் டர்போ பாஸ்கல் என்ற பழைய நிரல்மொழியில் எழுதப்பட்டது என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. அந்தக் காலத்தில் டர்போ பாஸ்கலில் எழுதிய பல புரோகிராம்கள், ஆரம்பிக்கும்போது இந்தக் கணினி எவ்வளவு வேகம் என்று அளந்து பார்க்கும். 55 மில்லிசெகண்டில் எத்தனை சுற்று எண்ண முடிகிறது என்று எண்ணி அதை 55ஆல் வகுக்கும். இன்றைய வேகத்தில் விடை 16 பிட் இடத்துக்குள் அடங்காமல் வகுத்தலே தப்பாகிவிடுகிறது. டாஸ்பாக்ஸ் ஓடும்போது கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு எஃப்11ஐப் பல தடவை தட்டுங்கள், வேகம் படிப்படியாகக் குறையும். பிறகு புரோகிராமைத் திறங்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் டாஸ்பாக்ஸின் அமைப்பு ஃபைலில் சைக்கிள்ஸ் என்ற வரியில் 3000 என்று மகனை எழுதச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் சொல்கிறேன், எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. என்றாவது ஒருநாள் புது ஜாதக சாஃப்ட்வேருக்கு மாறினால், சிங்கப்பூரில் பிறந்தவர்களின் நேரத்தைச் சோதித்துப் பாருங்கள். இங்கே கடிகாரம் கிரீன்விச்சை விட 8 மணி நேரம் முன்னால் இருப்பது 1982 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்துதான். போர் முடிந்த 1945 செப்டம்பர் தொடங்கி 1981 முடிய ஏழரை மணி நேரம். ஜப்பானியர் ஆண்ட வருஷங்களில் தோக்கியோ நேரம், அதாவது 9. பிறந்த ஊர் சிங்கப்பூர் என்றதுமே கண்ணை மூடிக்கொண்டு 8 போடும் சாஃப்ட்வேரில் 1970இல் பிறந்தவருக்கு அரை மணி தப்பும், லக்னம் ராசியின் எல்லையில் இருந்தால் அடுத்த ராசிக்கே போய்விடும். உங்கள் பழைய புரோகிராமில் அரை மணியை நீங்கள் கையாலேயே கொடுத்துப் பழகியிருப்பீர்கள். அந்தப் பழக்கத்தைப் புதியதிலும் விடாதீர்கள்.

கேள்வி (தெம்பனிஸ், ஆசிரியை): பாலர் வகுப்புக்கு வைத்திருந்த தமிழ்ப் பாடக் குறுந்தகடு. படங்கள் அசையும், பிள்ளைகள் தொட்டால் எழுத்து பேசும். புதுக் கணினியில் குறுந்தகடு போடவே இடமில்லை!

பதில்: டீச்சர், யுஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் ஒன்று வாங்கி, முதல் வேலையாகக் குறுந்தகட்டை ஐஎஸ்ஓ ஃபைலாக, அதாவது தகடு முழுவதும் ஒரே ஃபைலாக, பிரதி எடுங்கள். தகட்டில் கீறல் கூடிக்கொண்டேதான் போகும். ஐஎஸ்ஓவை விண்டோஸ் 11இல் இருமுறை தட்டினால் தகடு போட்டது போலவே திறக்கும். உள்ளே எஸ்டபிள்யூஎஃப் என்று முடியும் ஃபைல்கள் இருந்தால் அது ஃப்ளாஷ், அசையும் படங்களுக்கு அந்தக் காலத்தில் பயன்பட்ட முறை. அடோபி அதை 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது, பிரவுசரில் திறக்காது. ரஃபிள் என்ற இலவசப் புரோகிராமில் திறந்து பாருங்கள், எளிமையான பாடங்கள் நன்றாகவே ஓடும். சில தகடுகளில் ஃப்ளாஷ் பிளேயரையும் சேர்த்துக் கட்டிய இஎக்ஸ்இ ஃபைல் இருக்கும், அது 32 பிட்டாக இருந்தால் எதுவும் தேவையில்லை, அப்படியே ஓடிவிடும்.

கேள்வி (ஜூரோங்): 32 பிட் சரக்குக் கணக்குப் புரோகிராம் இன்ஸ்டால் ஆகிறது, திறக்கிறது, ஆனால் பதிந்ததைச் சேமிக்க முடியவில்லை.

பதில்: பழைய புரோகிராம்கள் தன் ஃபோல்டருக்குள்ளேயே தகவலை எழுதும். 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் எழுத இப்போது விண்டோஸ் சாதாரணமாக விடாது. நீக்கிவிட்டு, சி டிரைவில் தனியாக ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே இன்ஸ்டால் செய்யுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். ஆகாவிட்டால் ஐகானை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பக்கம் போய் விண்டோஸ் எக்ஸ்பியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

கேள்வி (அங் மோ கியோ, சங்கச் செயலாளர்): எங்கள் சங்கத்தின் இருபது ஆண்டு மலர்கள் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரில் இருக்கின்றன. புதுக் கணினியில் எப்படியோ ஒன்றைத் திறந்தோம், தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. கவிதை, கட்டுரை, மறைந்த உறுப்பினர்களின் நினைவுக் குறிப்பு எல்லாம் அதில்தான். ஃபைல் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை ஐயா, ஒரு எழுத்துக்கூடக் கெடவில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இந்தக் குப்பையைப் பார்த்துவிட்டுப் பழைய ஃபைல்களை அழித்துவிட்ட சங்கங்களை எனக்குத் தெரியும்.

எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு என்ற பொது முறை பரவுவதற்கு முன்னால் தமிழ் எழுத்துக்கென்று கணினிக்குள் தனி இடம் இல்லை. எழுத்துருவைச் செய்தவர்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தார்கள். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள்தான். ஜே என்ற இடத்தில் த, கே என்ற இடத்தில் ம, பி என்ற இடத்தில் இகரக் குறி, ஓ என்ற இடத்தில் ழ, அரைப்புள்ளி இடத்தில் மேலே வைக்கும் புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்து அந்த ஐந்து ஆங்கிலக் குறிகளே தெரிகின்றன. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென்று ஒரு வரிசை வைத்திருந்ததுதான் பெரிய தலைவலி. இதைப் பேசித் தீர்க்க 1997இல் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது நம் சிங்கப்பூரில்தான். அதை முன்னின்று நடத்தியவர் சிங்கப்பூர் எழுத்தாளரும் தமிழ்க் கணினி முன்னோடியுமான நா. கோவிந்தசாமி. பிறகு டிஸ்கி, டாம், டாப் என்று பொது வரிசைகள் வந்தன, கடைசியில் யூனிகோடு நிலைத்தது.

செய்ய வேண்டியது இது. பழைய கணினி இன்னும் ஓடினால், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை முழுதாகப் பிரதி எடுங்கள். மலர்களை அந்தக் கணினியிலேயே ஒவ்வொன்றாகப் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள், பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும். பழைய கணினி ஓடவில்லையென்றால், லிப்ரே ஆஃபீஸ் டிராவில் பேஜ்மேக்கர் ஃபைல்கள் திறக்கும். படங்கள் கொஞ்சம் இடம் மாறலாம், எழுத்து வந்துவிடும். பிறகு எழுத்தை எடுத்து, எழுத்துரு மாற்றும் புரோகிராமில் போட்டு யூனிகோடு ஆக்குங்கள். என்எச்எம் கன்வர்ட்டர் இதற்கு நன்றாக உதவும். எந்த எழுத்துரு என்று பெயரைப் பார்த்துச் சரியான வரிசையைத் தேர்ந்தெடுங்கள். பாமினியை டிஸ்கி என்று சொல்லி மாற்றினால் வருவது எந்த மொழியும் இல்லை. நடுநடுவே உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழாக்கிக் குழப்பிவிடும், அந்த இடங்களைக் கையால்தான் திருத்த வேண்டும். முக்கியமாக, மாற்றும் முன் அந்த எழுத்தை வேர்டில் ஒட்டித் திருத்தாதீர்கள். வரியின் முதல் எழுத்தை அது தானாகப் பெரிய எழுத்தாக்கும், பாமினியில் சின்ன ஜே வேறு, பெரிய ஜே வேறு, 'த' போய் 'து' வந்து நிற்கும்.

மெய்ப்புப் பார்க்க வயதில் மூத்த இரண்டு உறுப்பினர்களைக் கூப்பிடுங்கள். எழுதியவர் யார், எந்த நிகழ்ச்சி என்று அவர்களுக்குத்தான் நினைவிருக்கும்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): மேக்கில் பழைய ஆப் மேல் குறுக்குக் கோடு போட்டிருக்கிறது.

பதில்: 32 பிட் ஆப். 2019இல் வந்த கேட்டலினாவிலிருந்து மேக் அவற்றை ஓட்டாது. பழைய ஆப்களைப் புது மேக்கில் ஓட்டும் ரொசெட்டா உதவுமா என்று கேட்பீர்கள், அது இன்டெல் காலத்து 64 பிட் ஆப்களுக்கு மட்டும். பழைய மேக்கில் திறந்து, பொதுவான வடிவத்தில் ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி (தேக்கா, தையல் கடை அக்கா): தம்பி, எம்பிராய்டரி டிசைன் சாஃப்ட்வேர். பிரிண்டர் ஓட்டையில் செருகும் ஒரு சாவி உண்டு. புதுக் கணினியில் அந்த ஓட்டையே இல்லை. யுஎஸ்பி மாற்றி வாங்கி வந்தேன், சாவியைக் காணோம் என்கிறது.

பதில்: அக்கா, அந்த மாற்றிகள் பெரும்பாலும் பிரிண்டருக்கு மட்டும்தான், டாங்கிள் சாவியோடு பேசாது. போதாக்குறைக்கு அந்தச் சாவியின் பழைய டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது. இதற்கு மேல் பணம் போடாதீர்கள். பழைய கணினியைத் தையல் மெஷினின் ஒரு பாகமாகவே நினைத்துக்கொள்ளுங்கள். இணையத்தைக் கழற்றிவிடுங்கள், டிசைனைத் தம்ப் டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஹார்ட் டிஸ்கை மட்டும் இப்போதே புது எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்து (அதாவது முழுதாக அப்படியே பிரதி எடுத்து) வைக்கச் சொல்லுங்கள், சிம் லிம் ஸ்குவேரில் செய்து தருவார்கள். கணினி ஒவ்வொரு தடவையும் தேதியை மறந்தால் பயப்பட வேண்டாம், உள்ளே இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றினால் போதும்.

கேள்வி (பிடோக்): சார், அப்பா போன வருஷம் தவறிவிட்டார். ஊருக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் தன் பழைய கணினியில் தமிழில் அடித்து வைத்திருந்தார். இப்போது அது ஆன் ஆகவே இல்லை. கடிதங்களை எடுக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும் அம்மா. ஆன் ஆகாதது பவர் சப்ளையாலோ மதர்போர்டாலோ இருக்கலாம், கடிதங்கள் இருப்பது ஹார்ட் டிஸ்கில். ஆறேழு வருஷத்துக்கு முன் ஒரு பெரியவரின் கணினியை இப்படித்தான் திறந்தேன், உள்ளே தூசி பஞ்சுபோல் அடைத்துக் கிடந்தது, டிஸ்கைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டரில் மாட்டியதும் மெல்லச் சுழல ஆரம்பித்தது, எல்லா ஃபோல்டரும் இருந்தன. நீங்களும் டிஸ்கை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். அகலமான பட்டைக் கேபிள் இருந்தால் ஐடிஇ, மெல்லிய கேபிள் என்றால் சாட்டா, இரண்டுக்கும் சேர்த்தே அடாப்டர் கிடைக்கிறது. மாட்டியதும் காதைக் கொடுத்துக் கேளுங்கள். சீரான சத்தம் என்றால் முழு டிஸ்கையும் பிரதி எடுங்கள், எதையும் அதிலேயே திறந்து பார்க்க வேண்டாம். டக், டக் என்று தட்டுவது கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டேட்டா மீட்கும் நிறுவனத்திடம் கொண்டுபோங்கள். திரும்பத் திரும்ப முயன்றால் உள்ளே இருப்பது கீறிப்போகும்.

கடிதங்களைப் புது வேர்ட் திறக்க மறுத்தால் லிப்ரே ஆஃபீஸில் திறங்கள். திறந்ததும் ஆங்கிலக் குறிகளாகத் தெரிந்தால் மனம் உடைய வேண்டாம், மேலே சங்கச் செயலாளருக்குச் சொன்னதைப் படியுங்கள். அப்பாவின் டிஸ்கிலேயே, விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் என்ற ஃபோல்டரில், அவர் அடித்த அதே எழுத்துரு இருக்கும். அதையும் மறக்காமல் எடுத்துப் புதுக் கணினியில் இன்ஸ்டால் செய்யுங்கள், கடிதம் அவர் பார்த்த மாதிரியே தெரியும்.