எஞ்சின் மாறிய பந்தயக் கார் அசல்தானா?

கேள்வி: 1950களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட சிறிய பந்தய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. தொழிற்சாலையில் பொருத்திய எஞ்சின் இப்போது அதில் இல்லை. 1960களில் நேர்ந்த ஒரு விபத்துக்குப் பின் முன்பக்க உடல் தகட்டால் புதிதாக அடித்துச் செய்யப்பட்டதாம். விற்பவர் கனமான ஒரு கோப்பையும் சேர்த்துத் தருகிறார். இதே ரகத்தின் மற்ற கார்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைத்தே விலை சொல்கிறார். இதை அசல் என்று கொள்ளலாமா? இத்தகைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போகிறது என்கிறார்களே, முதலீடாக நினைத்து வாங்கலாமா? வாங்கினால் ஓட்டலாமா, உறை போட்டு மூடி வைக்க வேண்டுமா?

பதில்: முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் பெரும்பாலும் தாமே தெளிந்துவிடும் என்பதால், அதிலேயே அதிக நேரம் செலவிடுகிறேன்.

எஞ்சின் மாறியிருப்பதைக் கண்டு நீங்கள் தயங்குவது புரிகிறது. சாலையில் ஓட்டுவதற்கென்று செய்யப்பட்ட பழைய கார்களில், சேஸிஸ் (அடிச்சட்டம்) எண்ணும் எஞ்சின் எண்ணும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்துப்போகின்றனவா என்பதே முதல் சோதனை. ஒத்துப்போகாவிட்டால் விலை கணிசமாக இறங்கும். அந்த அளவுகோலைப் பந்தயக் காருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. பந்தயத்தின் நடுவில் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு உடைந்து, எஞ்சினின் கூடான பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தால், அடுத்த பந்தயத்துக்குள் வேறொரு எஞ்சினை ஏற்றிவிடுவார்கள். மூக்கு நசுங்கினால் அலுமினியத் தகட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக அடித்துப் பொருத்துவார்கள். இவற்றை யாரும் குறையாக நினைக்கவில்லை; பாதி நேரம் எழுதி வைக்கவும் இல்லை. அந்தக் காலத்துச் சிறிய பந்தயக் கார்கள் பலவற்றில் இருந்த கொவென்ட்ரி கிளைமாக்ஸ் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். தீயணைப்புப் பம்புக்காக வடிவமைக்கப்பட்ட இலேசான எஞ்சின் அது. கார்களுக்கென்று 1,098 சிசி அளவில் மாற்றி அமைக்கப்பட்டு, லோட்டஸ் லெவன் போன்ற சிறிய பந்தயக் கார்களில் ஏறியது. அணிகள் அதை ஒரு காரிலிருந்து கழற்றி இன்னொன்றில் பூட்டுவது அன்றாட வேலை. ஒரு போல்ட்டுகூட மாறாமல் வந்து நிற்கும் பந்தயக் காரைப் பார்த்தால், இது உண்மையிலேயே பந்தயத்தில் ஓடியதா என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

எவ்வளவு மாறினால் கார் வேறு காராகிவிடும் என்ற கேள்வி ஒருமுறை இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ் கார் ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று பெயர் பெற்றது. 1932இல் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் அது விபத்துக்குள்ளாகி, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்துபோனார். பின்னர் அது கூபே (கூரை மூடிய இருகதவு) உடலோடு மீண்டும் கட்டப்பட்டது. பல பத்தாண்டுகள் கழித்து அதைச் சுமார் 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், இதில் பந்தயம் வென்ற கார் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டுப் பின்வாங்க, விற்றவர் வழக்குத் தொடர்ந்தார். 1990இல் தீர்ப்பளித்த நீதிபதி ஓட்டன் அந்தக் காரை அசல் என்றே ஏற்றார். பாகங்கள் படிப்படியாக மாறி வந்திருந்தாலும், எந்தக் கட்டத்திலும் அந்தக் கார் அழிந்துபோய் அதன் இடத்தில் இன்னொன்று வந்து நிற்கவில்லை, அதன் வரலாறு அறுபடவில்லை என்பதே அவர் கண்ட முடிவின் சாரம். இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் அசல் தன்மை பற்றிய பேச்சில் இந்தத் தீர்ப்பைத் தொடாமல் நகர்வதில்லை.

ஆகவே நீங்கள் விற்பவரிடம் கேட்க வேண்டியது, பழைய உலோகம் எத்தனை விழுக்காடு என்பதை அல்ல. கட்டி முடித்த நாள் முதல் இன்றுவரை இந்தக் கார் எந்த ஆண்டில் யாரிடம், எந்த நிலையில் இருந்தது என்று இடைவெளியில்லாமல் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். அதைவிட முக்கியமாக, விபத்தில் கழற்றப்பட்ட பாகங்கள் எங்கே போயின என்று கேளுங்கள். பலர் கேட்க மறக்கும் கேள்வி இது. ஜாகுவார் டி-டைப் காரில் நடுவே ஒரு கூடும், அதன் முன்னால் எஞ்சினைத் தாங்கும் தனிச் சட்டமும் உண்டு. மோதலில் சட்டம் வளைந்தால் அதைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டுப் புதியதைப் பூட்டுவார்கள். கார்களுக்கு விலையே இல்லாத நாள்களில் மூலையில் கிடந்த அந்தச் சட்டம், விலை ஏறிய பிறகு ஒருவர் கையில் கிடைத்து, அதைச் சுற்றி ஒரு முழுக் கார் எழுந்துவிடும். அதன்பின் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டு இரண்டு கார்கள்; இரண்டிலுமே ஓரளவு உண்மை. உங்கள் காரில் மாறியது மேல் தகடு மட்டும்தானா, அடியில் இருக்கும் குழாய்ச் சட்டத்தின் முன்பகுதியும் வெட்டி மாற்றப்பட்டதா என்பதை உறுதிசெய்யுங்கள். தகடு மட்டும் என்றால் எனக்குக் கவலையில்லை. சட்டமும் மாறியிருந்தால், எண் பொறித்த துண்டு எந்தப் பக்கம் போனது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

எண்ணைச் சோதிக்கும்போது, ரிவெட் அடித்து ஒட்டிய தகட்டை நம்பாதீர்கள். அதைப் புதிதாகச் செய்வது பத்து நிமிட வேலை. சட்டத்தின் குழாயிலோ தாங்கியிலோ சுத்தியலால் அடித்துப் பொறித்த எண்ணைத் தேடுங்கள். கைவிளக்கை நேராகக் காட்டாமல் பக்கவாட்டில், ஏறக்குறைய உலோகத்தோடு ஒட்டிப் பிடித்தால், பழைய எண்ணை அராவிய தடம் இருந்தால் அலை அலையாகத் தெரியும். ஒரு தொழிற்சாலையில் ஒரு காலத்தில் எண் பொறிக்கும் உளிகள் கொண்ட ஒரே பெட்டிதான் புழங்கியிருக்கும்; அதன் 3 மேலே தட்டையாக இருக்குமா வளைந்திருக்குமா, 8இன் இரு வட்டங்களும் சமமா, எந்த உளியின் ஓரம் சிதைந்திருந்தது என்பதெல்லாம் அதே மாதத்தில் வெளிவந்த மற்ற கார்களில் அப்படியே இருக்கும். அந்த ரகத்துக்கான பதிவேட்டைப் பராமரிப்பவர்களிடம் பெரும்பாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் படங்கள் இருக்கும். எண்கள் ஒரே நேர்கோட்டில் அழகாக நிற்பது நல்ல அறிகுறி என்று நினைத்துவிட வேண்டாம். அவசரத்தில் கையால் அடித்தவை அப்படி நிற்பதில்லை.

கோப்பு கனமாக இருப்பதில் நான் மயங்குவதில்லை. நூறு பக்கம் பழுதுபார்ப்பு ரசீது இருந்தும், நடுவே பத்து ஆண்டுகள் வெறுமையாக இருக்கலாம். நான் பார்த்த ஒரு கோப்பில் அப்படி ஓர் இடைவெளியை ஒரே ஒரு தட்டச்சுக் கடிதம் அடைத்துக்கொண்டிருந்தது. முன்னாள் உரிமையாளர் 1962இல் எழுதியதாகத் தேதி. காகிதம் பழுப்பேறியிருந்தது, மடிப்புகள் தேய்ந்திருந்தன, எல்லாம் சரிதான். ஆனால் கடிதத் தலைப்பில் இருந்த தொலைபேசி எண்ணில், அந்த ஊரில் அப்போது வழக்கில் இல்லாத அளவுக்கு இலக்கங்கள் இருந்தன. கடிதங்களைவிட அந்தக் காலத்துப் புகைப்படங்களே நல்ல சாட்சி. கதவோரத்தில் வரிசை தப்பிய ஒரு ரிவெட், காற்றுக்காகப் பிற்பாடு வெட்டிய ஒரு துளை, டேஷ்போர்டில் இடம் மாறிய ஒரு மீட்டர் என்று படத்தில் இருப்பது காரிலும் இருந்தால், அது பத்துச் சான்றிதழ்களுக்குச் சமம். பந்தய நுழைவுப் பட்டியல்களும் முடிவுப் பட்டியல்களும் அதற்கு அடுத்த நிலை.

இனி விலை. இந்தக் கார்கள் அரிதாக இருப்பதற்குப் பாதிக் காரணம் பந்தய விதிகள்தாம். ஜிடி (கிராண்ட் டூரிங்) பிரிவில் ஓட ஒரு ரகத்தில் 100 கார்கள் கட்டியிருக்க வேண்டும் என்பது 1960களின் தொடக்கத்தில் இருந்த விதி. ஃபெராரி 250 ஜிடிஓ, முந்தைய 250 ஜிடியின் வளர்ச்சிதான் என்ற கணக்கில் அனுமதி பெற்றது; 1962 முதல் 1964 வரை கட்டப்பட்டவை 36 மட்டுமே. அதே உத்தி 250 எல்எம் காருக்குப் பலிக்காமல், 32 கார்களோடு அது நின்றுபோனது. புதிதாகச் சுமார் 18,000 டாலருக்கு விற்ற ஜிடிஓ, ஏலங்களில் 2014இல் 3.81 கோடி டாலருக்கும், 2018இல் 4.84 கோடிக்கும், 2023இல் 5.17 கோடிக்கும் போனது. 1965இல் லெ மான் வென்ற அதே 250 எல்எம், 2025 பிப்ரவரியில் பாரிஸ் ஏலத்தில் ஏறத்தாழ 3.49 கோடி யூரோ பெற்றது.

இந்த எண்களைப் படிப்பவர்கள் ஏறுமுகத்தை மட்டும் பார்க்கிறார்கள். மூன்று ஜிடிஓ ஏலங்களும் மூன்று வெவ்வேறு கார்கள். 2018க்கும் 2023க்கும் இடையிலான உயர்வு 7 விழுக்காடு. அதே காலத்தில் அமெரிக்காவில் பொதுவான விலைவாசியே ஏறத்தாழ 20 விழுக்காடு ஏறிவிட்டது. அந்த 5.17 கோடியில் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரும் கட்டணமும் அடக்கம் என்பதால், விற்றவர் கைக்கு வந்தது அதைவிடக் குறைவு. 2022இல் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் உலென்ஹௌட் கூபே 13.5 கோடி யூரோவுக்கு விற்றதை யாராவது உங்களிடம் எடுத்துச் சொன்னால் புன்னகைத்துவிட்டு நகருங்கள். உலகில் இரண்டே உள்ள கார், கட்டிய நிறுவனமே தன் சேகரிப்பிலிருந்து விற்றது, அதை வைத்து வேறெந்தக் காரையும் அளக்க முடியாது. 1988 ஆகஸ்டில் ஃபெராரி நிறுவனர் என்ஸோ ஃபெராரி மறைந்ததை ஒட்டி விலைகள் தாறுமாறாக ஏறியதும், 1990களின் தொடக்கத்தில் ஜிடிஓ உட்படப் பலவும் பாதிக்குக் கீழே சரிந்ததும் நினைவில் இருக்கட்டும். கடன் வாங்கி வாங்கியவர்களே அப்போது அடிமாட்டு விலைக்கு விற்றார்கள்.

உங்கள் கார் இந்த உயரத்தில் இல்லை. லோட்டஸ் லெவன் மட்டுமே சுமார் 270 கட்டப்பட்டது. இந்த அடுக்கில் விலையைத் தாங்கி நிற்பது எண்ணிக்கையைவிட, காரை எங்கெல்லாம் ஓட்ட அனுமதிப்பார்கள் என்பதே. இத்தாலியின் பழைய சாலைப் பந்தயத்தின் பெயரில் இப்போது நடக்கும் மில்லே மிலியா, 1927 முதல் 1957 வரை பழைய பந்தயத்தில் ஓடிய ரகங்களையே ஏற்கிறது. இங்கிலாந்தின் குட்வுட் ஓடுதளத்தில் பழைய கார்களுக்காக நடக்கும் குட்வுட் ரிவைவல், அந்தத் தளம் பந்தயத்துக்குத் திறந்திருந்த 1948 முதல் 1966 வரையிலான காலத்துக்கானது. உங்கள் காரின் ரகம் 1957க்குள் மில்லே மிலியாவில் ஓடியதா என்று பாருங்கள். ஆம் என்றால், பின்னாளில் விற்கும்போது அந்த ஒரு தகுதிக்காகவே ஆள் வருவார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: பன்னாட்டு மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ தரும் வரலாற்றுத் தொழில்நுட்பக் கடவுச்சீட்டை அசலுக்கான சான்று போலக் காட்டுவார்கள். கார் அந்தக் காலத்து விவரக்குறிப்போடு பொருந்துகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. நன்றாகச் செய்த நகலும் அதைப் பெறலாம்.

மூன்றில் ஒரு பங்கு விலைக்குறைப்பு எஞ்சினுக்காக மட்டும் என்றால், சரியான ரகத்தில், சரியான காலத்து எஞ்சின் இருக்கும்வரை, அது உங்களுக்கு ஆதாயமே. நான் சந்தேகிப்பது, விற்பவர் தமக்குத் தெரிந்த ஏதோ ஒன்றை எஞ்சின் பின்னால் மறைக்கிறாரோ என்பதைத்தான். வாங்கும்போது கிடைக்கும் தள்ளுபடியை விற்கும்போது நீங்களும் தர வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஓட்டுவதா, மூடி வைப்பதா என்றால், ஓட்டுங்கள். நின்றுகொண்டே இருக்கும் காரில் ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும், கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகிவிடும், மெக்னீசியப் பாகங்களில் வெண்மாவு பூத்து அரிக்கும். தொழிற்சாலை எஞ்சினை வைத்திருப்பவர்கள் அதை எண்ணெய் தடவித் தாங்கியில் நிறுத்திவிட்டு வேறொன்றைப் பூட்டித்தான் பந்தயத்துக்கு வருகிறார்கள். உங்களுக்கு அந்தப் பயமே இல்லை. செலவை மட்டும் குறைத்து மதிப்பிட வேண்டாம். பந்தயக் காரின் எரிபொருள் தொட்டிக்குள் இருக்கும் பாதுகாப்புப் பைக்கு ஐந்தாண்டு ஆயுள், சோதித்து இன்னும் இரண்டாண்டு நீட்டிக்கலாம். சக்கரங்கள், சக்கர மையங்களான ஹப்கள், ஸ்டீயரிங் கைகள் ஆகியவற்றை ஊடுருவும் சாயம் பூசி விரிசல் பார்க்க வேண்டும். எஞ்சினைக் கிலோமீட்டரில் அல்லாமல் ஓடிய மணிக்கணக்கில் கணக்கிட்டுப் பிரித்துக் கட்டுவார்கள்.

அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது இது. விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு சோதனையாளரை நீங்களே அமர்த்துங்கள். அடித்தகடுகளைக் கழற்றி, காரை உயர்த்தி, ஒரு முழு நாள் பார்க்க அனுமதி கேளுங்கள். சேஸிஸ் எண்ணின் படத்தை அந்த ரகத்தின் பதிவேட்டுக்கு அனுப்பி, அதே எண்ணுக்கு வேறு உரிமைகோரல் உண்டா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். விற்பனை ஒப்பந்தத்தில், காரின் அடையாளம் பற்றி விற்பவர் வாயால் சொல்வது அத்தனையும் அவருடைய உறுதிமொழியாக இடம்பெறட்டும். அடித்தகட்டைக் கழற்ற மறுத்தாலோ, உறுதிமொழியில் கையெழுத்திடத் தயங்கினாலோ, முன்பணம் கொடுக்காதீர்கள். இன்னொரு கார் விலைக்கு வரும்வரை காத்திருங்கள்.