கியா போல இணைத்தெழுதிய பெயர் தவறாகப் படிக்கப்படுவது ஏன்?

உங்கள் லோகோவில் கடைசி இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். உங்கள் கார் வாடகை நிறுவனத்தின் மூன்றெழுத்து ஆங்கிலப் பெயரை வாடிக்கையாளர்கள் வேறாகப் படிப்பதற்கு, நீங்கள் அவற்றை ஒரே கோட்டில் இணைத்ததே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

2021 ஜனவரியில் கார் நிறுவனமான கியா (KIA) வெளியிட்ட லோகோவிலும் இதுதான் நேர்ந்தது. அதில் ‘ஏ’ எழுத்தின் குறுக்குக்கோடு இல்லை. நிமிர்ந்து நிற்கும் ‘ஐ’யின் அடியிலிருந்து ‘ஏ’யின் சாய்கோடு அப்படியே மேலெழுவதால், இரண்டும் சேர்ந்து கண்ணாடியில் தெரியும் ‘என்’ போலத் தோன்றுகின்றன. ஆகவே பலர் அதை ‘கேஎன்’ என்று படித்து, அந்தப் பெயரிலேயே இணையத்தில் காரைத் தேடினார்கள். அழகான கோடுதான், ஆனால் பெயரை விழுங்கிவிட்டது.

சோதித்துப் பார்க்க, லோகோவை இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்பு வெள்ளையாக அச்சிட்டு, பெயரை முன்பே அறியாத ஐந்தாறு பேரிடம் மூன்று வினாடி காட்டி மறைத்துவிட்டு, நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் தடுமாறினால் திருத்த வேண்டிய இடம் அதுவே. நண்பர்களிடம் கேட்காதீர்கள், அவர்களுக்குப் பெயர் தெரியும்.

ஆனால் எழுத்தை முற்றிலும் கைவிட்டு வடிவத்தை மட்டும் வைக்க அவசரப்பட வேண்டாம். ஆடி (Audi) கார் நிறுவனத்தின் நான்கு வளையங்கள் 1932 முதல் புழக்கத்தில் இருப்பதால் பெயரின்றியே பேசுகின்றன. புதிய நிறுவனத்துக்கு அந்த வசதி இல்லை.