இரண்டு நிமிடம் மங்கிய இடது கண்

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "போன வாரம் இடது கண்ணில் திரை இறங்கின மாதிரி இருந்தது, ரெண்டு நிமிஷத்தில் சரியாயிடுச்சு." அதைப் படித்ததுமே உங்களுக்குப் போன் செய்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னேன். இதே ஆபரேஷன் செய்துகொண்ட மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் இடது கழுத்தின் கரோட்டிட் ரத்தக் குழாயைத் திறந்து, கொழுப்புப் படிவை எடுத்து, பேட்ச் (ஒட்டுத் துண்டு) வைத்துத் தைத்து ஐந்து மாதம் ஆகிறது. மூளைக்குப் போகும் அந்தக் குழாயிலிருந்துதான் அதே பக்கத்துக் கண்ணுக்கும் கிளை பிரிகிறது. அங்கிருந்து உறைந்த ரத்தத் துணுக்கு ஒன்று கிளம்பினால் இடது கண் மங்கலாம். வலது கை, கால் தளரலாம், வாய் கோணலாம், பேச்சு குழறலாம். துணுக்கு கரைந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். 'அதான் சரியாப் போச்சே' என்று வீட்டில் உட்கார்ந்தவர்களில் சிலர் இரண்டே நாளில் முழுப் பக்கவாதத்தோடு வருவார்கள். ரெண்டு நிமிடமே இருந்தாலும் அன்றே போக வேண்டும். குறையாமல் நீடித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து வழக்கமான கெடு நாலரை மணி நேரம்தான்.

உங்கள் தூக்கத்தைக் கெடுத்ததோ வேறு: நெட்டில் பார்த்த வண்ணப் படம். பேட்ச் வைத்த இடம் நீலமாக இருக்கிறது, நீலம் என்றால் ரத்தம் தேங்கி உறையும் என்று யாரோ எழுதியிருக்கிறார்கள்.

அது போட்டோ இல்லை, கணக்கு. ஸ்கேனில் கிடைத்த குழாயின் வடிவத்தையும் ரத்தத்தின் வேகத்தையும் கொடுத்தால், கம்ப்யூட்டர் அதை லட்சக்கணக்கான துண்டுகளாக்கி, ரத்தம் சுவரை எவ்வளவு உரசுகிறது என்று கணக்கிட்டு வண்ணம் பூசும். உரசல் குறைந்த இடம்தான் நீலம். நல்ல குழாயில் இந்த உரசல் சுமார் 1 முதல் 2 பாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). 0.4-க்குக் கீழே போனால் உள்சுவர் கெட வாய்ப்பு அதிகம். ஆனால் கரோட்டிட் இரண்டாகப் பிரியும் இடம் பிறவியிலேயே கொஞ்சம் உப்பலானது. ரத்தம் அங்கே சுழன்று மெதுவாகத்தான் போகும். இருபது வயதுப் பையனுக்குக் கணக்குப் போட்டாலும் அங்கே நீலம் வரும். பேட்சை ரொம்ப அகலமாக வைத்தால் நீலம் இன்னும் பரவும். அதனால் பேட்சை அளவாக வெட்ட, சர்ஜனுக்கு இந்தக் கணக்கு உதவும். அதற்காகப் பேட்சே கூடாது என்பதில்லை. வெறுமனே தைப்பதைவிடப் பேட்ச் வைத்தால்தான் குழாய் மறுபடி சுருங்குவது குறைகிறது. தவிர, அந்தப் படத்தில் இருப்பது யாருடைய கழுத்தோ!

உங்கள் கழுத்துக்குத் தேவை, குழாயில் ரத்தம் ஓடுவதைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். முதல் மாதத்துக்குப் பிறகு நீங்கள் அதை எடுக்கவே இல்லை. முதல் இரண்டு வருடத்தில் வரும் சுருக்கம் பெரும்பாலும் தழும்புபோல வழவழப்பாகத் தடிப்பது. அதிலிருந்து துணுக்கு கிளம்புவது குறைவு. இருந்தாலும் கண் மங்கியவருக்கு அந்தச் சமாதானத்தை நான் சொல்ல மாட்டேன்.

நீலத்துக்குப் பயந்து, ஆஸ்பிரினோடு, அதைப் போலவே ரத்தம் உறைவதைத் தடுக்கும் மச்சினரின் குளோபிடோக்ரெலையும் பூண்டு மாத்திரையையும் சேர்த்து விழுங்கியிருக்கிறீர்களே, அதற்குத்தான் எனக்குக் கோபம். அவருக்கு எழுதிக் கொடுத்தது அவருடைய இதயத்துக்கு. இரண்டு மாத்திரை சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடும். சில நோயாளிகளுக்கு இரண்டையும் நாங்களே கொடுப்போம், அது பார்த்துக் கொடுப்பது. எதை, எத்தனை நாள் விழுங்கினீர்கள் என்று ஆஸ்பத்திரியில் மறைக்காமல் சொல்லுங்கள். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

காது மடல் மரத்திருக்கிறது என்கிறீர்களே, அது ஆபரேஷன் கீறலின்போது தோல் நரம்பு பட்டதால். ஷேவ் செய்யும்போது பார்த்துச் செய்யுங்கள், போதும். இடது பக்கம் படுக்கலாம். கழுத்தைத் திருப்பினால் பேட்ச் பிய்ந்துவிடாது.

நான்கு பக்கத்தில் பி.பி. எவ்வளவு, சிகரெட் உண்டா என்று ஒரு வரிகூட இல்லை. அதை எழுதி அனுப்புங்கள்.