எந்த கன்ஸ்லர் என்று குழம்பும் தம்பிக்கு

தம்பி, ஜேர்மன் குடியுரிமைச் சோதனைக்குப் படிக்கும்போது கன்ஸ்லருக்கு, அதாவது அரசாங்கத் தலைவருக்கு, புண்டஸ்கன்ஸ்லர், ரைஷ்கன்ஸ்லர் என்று இரண்டு பதவிப்பெயர் வருகிறது, எதைப் பாடமாக்குவது என்று கேட்டிருந்தீர்கள்.

"310 கேள்வியையும் பாடமாக்கு, 33 வரும், 17 சரியென்றால் பாஸ்" என்று எங்கள் ஆட்களில் கனபேர் சொல்லுவார்கள். இவர்கள் முப்பது வருடம் இங்கே இருந்தும், வேலையிடத்தில் தேர்தல் பேச்சு எடுத்தால் வாயே திறக்கமாட்டார்கள். அவர்கள் வழியில் போகாதீர்கள், கதையை விளங்கிப் படியுங்கள்.

1867இல் வட ஜேர்மன் கூட்டமைப்பில் பிஸ்மார்க் புண்டஸ்கன்ஸ்லர். 1871இல் பேரரசு வந்ததும் அவரே ரைஷ்கன்ஸ்லர். அந்தப் பதவி கைசரின், அதாவது பேரரசரின், கையில் இருந்தது. 1890இல் பிஸ்மார்க்கையே இளம் கைசர் விலகவைத்தார். பேரரசு போனபின், 1919 தொடக்கத்தில் அரசாங்கத் தலைவரான ஷைடமானுக்குப் பிரதம அமைச்சர் மாதிரி வேறு பெயர், ஆகஸ்டில் புதிய குடியரசின் வைமார் அரசியலமைப்போடு ரைஷ்கன்ஸ்லர் என்ற பழைய பெயர் திரும்பியது. 1933 ஜனவரி 30 அந்தப் பதவியில் ஹிட்லர். அடுத்த வருடம் ஜனாதிபதி ஹின்டன்பர்க் இறந்ததும் ஜனாதிபதி அதிகாரத்தையும் தானே எடுத்துக்கொண்டு 'ஃபூரர், ரைஷ்கன்ஸ்லர்' ஆனான்.

இதனால்தான் சொல்லுகிறேன், இன்றைய கன்ஸ்லரைப் பகிடிக்குக்கூட ரைஷ்கன்ஸ்லர் என்று சொல்லாதீர்கள். இந்தக் குடியரசையே ஏற்காத ரைஷ்பூர்கர் என்றொரு கூட்டம் இங்கே உண்டு. கேட்பவர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்.

1949இல் அடெனவர் தேவையான வாக்குகளை மட்டுமட்டாக எடுத்து மேற்கு ஜேர்மனியின் முதல் புண்டஸ்கன்ஸ்லர் ஆனார்; இன்றும் அதே பெயர்தான். ஜனாதிபதி பெயரை முன்மொழிவார், தெரிவுசெய்வது புண்டஸ்டாக் என்ற நாடாளுமன்றம். இதைச் சோதனையில் மாறி எழுதுகிறவர்கள் கனபேர்.

நான் கோல் கன்ஸ்லராக இருந்த காலத்தில், எங்கள் ஆட்கள் கனபேர் வந்த மாதிரியே கிழக்கு பெர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்குக்கு வந்தவன். கிழக்கு ஜேர்மனியில் கன்ஸ்லரே இல்லை, அமைச்சரவைத் தலைவர்தான். மேற்கே ஒரு உணவகக் குசினியில் கோப்பை கழுவும்போது, வயதான ஜேர்மன் சமையல்காரர் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே 1982 கதையைச் சொல்லித் தந்தார்: அடுத்தவரைத் தெரிவுசெய்யாமல் கன்ஸ்லரை இறக்க முடியாது, அப்போதைய கன்ஸ்லர் ஷ்மிட்டை இறக்கின அதே வாக்கில்தான் கோல் ஏறினார் என்று. எனக்கு அப்போது பாதிதான் விளங்கியது. அடுத்த நாளும் கேட்டேன், அவர் சலிக்காமல் திரும்பவும் முதலிலிருந்து சொன்னார்.